பத்துப் படி மேலே, பத்துப் படி கீழே

மயிலாடி
4.9.2023

திரு. ரிஜ்வான் அவர்களுக்கு,

மயிலாடி பொன்னுலிங்கம் சிற்பப் பட்டறையில கம்ப்யூட்டர் பாக்குற முத்துக்கனி எழுதுறது. நேத்து நாம போன்ல பேசின அழகுக்குப் பிறகு இனி உங்களுக்குப் போன் போடுறதா இல்ல. "ஒண்ணும் தெரியாம எதையாவது அமுக்கி எனக்க உயிர வாங்காதிய"ண்ணு சொன்னியளே, அது இப்பவும் காதுல கெடக்கு. "ஷார்ஜாவுல ஏசியில இருந்தா வாயில நல்லா கொழுப்பு ஏறும்"ண்ணு நான் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கிட மாட்டேன். அதனாலதான் ஈமெயில்.

ஒம்பது வருசத்துக்கு முன்ன நீங்க தேங்காப்பட்டணத்துல இருந்து பைக்ல வந்து எங்க மெஷினுக்கு ஒரு புரோகிராம் போட்டுக் குடுத்திய. ஆசாரி களிமண்ல செய்யுற உருவத்த ஸ்கேன் எடுத்துக் குடுத்தா, கல்லுல எங்க எவ்வளவு வெட்டணும்ணு அது கணக்குப் போட்டு மெஷினுக்குச் சொல்லும். அது ஓடுற கம்ப்யூட்டர் இப்ப சாகக் கெடக்கு. இருபது நிமிசம் ஓடினா அப்பிடியே உறைஞ்சு நிக்குது. நான்தான் முதலாளி பொன்னுலிங்கம் அண்ணாச்சிகிட்ட நச்சரிச்சுப் புதுசு வாங்க வச்சேன். புதுசுல வேற சிப்பாம். உங்க புரோகிராமத் திறந்தா "இந்தக் கணினியில் இயங்காது"ண்ணு ஒரே வரி.

அண்ணாச்சி சொல்லிட்டாரு. "நீ சொல்லித்தான் வாங்கினேன் பிள்ள. ஓடலைண்ணா மெஷின வித்துப்போட்டுப் பழையபடி உளி எடுத்துருவோம்." மெஷின் போனா எனக்கும் இங்க வேலையில்ல. அஞ்சு வருசம் அண்டி ஆபீஸ்ல முந்திரி உடைச்சு, அந்தத் தோட்டு எண்ணெயில வெந்த விரலு இது. ராத்திரி கிளாஸ் போயி டைப் படிச்சு, ஆறு வருசமா இந்தக் கசேரியில இருக்கேன். திரும்ப அங்க போக எனக்கு மனசில்ல. உங்களுக்கு இது விளங்கணும்ணுதான் எழுதுறேன்.

முத்துக்கனி


ஷார்ஜா
6.9.2023

சகோதரி முத்துக்கனிக்கு,

போனில் நான் கத்தியது சரியில்லை. அன்றைக்கு ஒரு கப்பலின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, அந்தக் கோபம் உங்கள் மேல் விழுந்தது. மன்னிப்பு என்று எழுதினால் நீங்கள் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பீர்கள் என்று தெரிகிறது, ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் புரோகிராம் பழைய சிப்புக்குத் தெரிந்த பாஷையில் எழுதப்பட்டது. புதுச் சிப்புக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் இடையில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரு சாதனம் புதுக் கம்ப்யூட்டரிலேயே உண்டு. அதை எப்படி இயக்குவது என்று கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். செய்து பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். எனக்கு எழுதும்போது பார்த்ததை மட்டும் எழுதுங்கள், நினைத்ததை எழுத வேண்டாம். "வைரஸ் இருக்கும்போல" என்று போனில் சொன்னீர்களே, அது நினைத்தது. "இருபது நிமிசத்தில் உறைகிறது" என்று இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது பார்த்தது. இப்படி எழுதினால் என்னால் எதுவும் செய்ய முடியும்.

ரிஜ்வான்


மயிலாடி
15.9.2023

ரிஜ்வான் சாருக்கு,

பாத்தது மட்டும்.

நீங்க சொன்னபடி மொழிபெயர்ப்புக்காரன இயக்கினேன். புரோகிராம் திறந்தது. ஒரே பிள்ளையார் ஃபைல ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஓட்டினேன். பழையதுல முழுசும் முடியாதுண்ணு ரெண்டு பாதியா வெட்டி ஓட்டினேன், ரெண்டும் சேர்த்து முப்பத்தெட்டு நிமிசம். புதுசுல மூணு மணி பத்து நிமிசம். மறுநாளும் அதே நேரம். மூணாம் நாளு பெரிய ஃபைல் ஒண்ணு குடுத்தேன். எண்பத்தி ரெண்டு சதவீதத்துல தானா மூடிக்கிட்டு. திரும்பக் குடுத்தேன், எண்பத்தி ரெண்டுலயே மூடிச்சு. சின்ன ஃபைல் அஞ்சு குடுத்தேன், அஞ்சும் முடிஞ்சுது.

பழையதுக்கும் வைத்தியம் பாத்தேன். காலம்பற திறந்தா தேதி 2001ண்ணு காட்டும், ஃபைல சேமிக்க மாட்டேண்ணு அடம் பிடிக்கும். உள்ள இருக்குற வட்ட பேட்டரிய மாத்தினேன், இப்ப இந்த வருசத்துக்கு வந்துட்டு. மூடியக் கழட்டினா ஒரு தேயிலை டப்பா நிறையக் கல்லுப்பொடி. தட்டி எடுத்துட்டு மேசை ஃபேன அதுக்க வயித்துக்கு நேரா வச்சேன். இருபது நிமிசம் இருபத்தி ரெண்டாச்சு.

இனி ஒரு வார்த்தை நினைச்சது. கோவப்படாதிய. ஆறு வருசமா உங்க புரோகிராம ஓட்டுறேன், ஒரு கல்லக்கூட அது கெடுத்ததில்ல. மத்த பட்டறையில மெஷின் ஒரு கணக்கு சொல்லும், ஆசாரி வேற கணக்கு சொல்லுவாரு. இங்க சுயம்புலிங்கம் ஆசாரி எப்பிடிச் சொல்லுவாரோ அப்பிடியே உங்க புரோகிராமும் சொல்லுது. மேனி, அதாவது சிலைக்க உடம்பு மட்டந்தான் பூஜ்யம். நகை மேனிக்கு மேல நிக்கும், கண்ணும் உதட்டுக் கோடும் மேனிக்குக் கீழ இறங்கும். இத எழுதினவன் ஆருண்ணு நான் பலநாள் யோசிச்சிருக்கேன். போன்ல பேசினப்பத்தான் அந்த மரியாத கொஞ்சம் இறங்கிப் போச்சு.

முத்துக்கனி


ஷார்ஜா
13.10.2023

முத்துக்கனிக்கு,

இங்கே இருபது பேர் எனக்குப் பிரச்சினைகளை எழுதி அனுப்புகிறார்கள். எல்லாரும் படித்தவர்கள். "வேலை செய்யவில்லை, அவசரம்" என்பதற்கு மேல் ஒரு வரி இருக்காது. நீங்கள் எண்பத்தி இரண்டு சதவீதம் என்று எழுதினீர்கள், இரண்டு தடவையும் அதே இடம் என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரியை வைத்தே எனக்கு மனசிலாகிவிட்டது. மொழிபெயர்ப்புக்காரனுக்குப் பெரிய ஃபைலைத் தாங்க இடம் பற்றவில்லை. உங்கள் கடிதத்தைப் பக்கத்து மேசை எட்சனுக்குப் படித்துக் காட்டினேன். குளச்சல்காரன், லேசில் யாரையும் மெச்ச மாட்டான். "இந்த அக்காவுக்கு இங்க ஒரு விசா எடுத்துக் குடு" என்றான்.

மேனி பூஜ்யம் என்பது என் மூளை இல்லை. அப்போது மூன்று நாள் சுயம்புலிங்கம் ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டேன். அவர் பேசியபடியே எழுதினேன்.

இனி மொழிபெயர்ப்பு வேண்டாம். மூன்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, புதுச் சிப்புக்கு அதன் பாஷையிலேயே புரோகிராமை மாற்றிக் கட்டிவிட்டேன். என்னிடம் இருந்த ஒரு தாமரைப்பூ ஃபைலை ஓட்டிப் பார்த்தேன். இதழ் இதழாக அருமையாக வந்தது. இத்துடன் அனுப்புகிறேன். உங்களிடம் நன்றாக ஓடினால் என் புரோகிராம் வைத்திருக்கும் மற்ற நான்கு பட்டறைக்கும் அனுப்புவேன்.

ரிஜ்வான்


மயிலாடி
28.10.2023

ரிஜ்வான் அண்ணனுக்கு,

அண்ணன்ணு எழுதிட்டேன், அழிக்க மனசு வரல்ல.

பிள்ளையார் ஃபைல் ஒம்பது நிமிசத்துல முடிஞ்சுது. அண்ணாச்சி பின்னால வந்து நின்னு பாத்தாரு. சாயங்காலம் எனக்கும் சேர்த்துப் பழம்பொரி வாங்கிட்டு வரச் சொன்னாரு.

இந்த மாசம் கை உயரத்துல மூணு பாவை விளக்கு வெட்டினோம். நகை, கொண்டை எல்லாம் அவ்வளவு சுத்தம். அதவிட ஒரு காரியம் சொல்லணும். முன்ன மெஷினே பாவைக்குக் கண்ணையும் வெட்டிரும். சுயம்புலிங்கம் ஆசாரிக்கு அது ஆகாது. கண்ணு மனுசன் கையால திறக்கணும், மெஷினு குத்தப்பிடாதுண்ணு ஒவ்வொரு தடவையும் முகம் சுளிப்பாரு. இந்த மூணு பாவையிலயும் கண்ணு இருக்குற எடம் மொழுமொழுண்ணு அப்பிடியே இருந்துது. உதட்டுக் கோடும் சேலை மடிப்புங்கூட கைவேலைக்கு விட்டிருந்துது. ஆசாரி கையில எடுத்துத் தடவிப் பாத்துட்டு, "அந்தத் தேங்காப்பட்டணத்துப் பயலுக்கு இப்பத்தான் தொழிலு விளங்கியிருக்கு"ண்ணு சொன்னாரு. அவரு வாயில இருந்து இப்பிடி ஒரு வார்த்தை நான் கேட்டதேயில்ல. ஆசாரிக்கு வேண்டி நீங்க நினைச்சுச் செஞ்சதுக்கு நன்றி.

அடுத்து பெரிய வேலை. நாலரை அடி அம்மன். தை பதினஞ்சுக்கு முன்ன கோயிலுக்குப் போகணும். அதுக்கான கல்லுக்கு ஆசாரி ஏழு மாசம் அலைஞ்சாரு. ஒவ்வொரு கல்லாத் தட்டித் தட்டிக் கேட்டு எடுத்த கல்லு.

முத்துக்கனி


ஷார்ஜா
30.10.2023

முத்துக்கனிக்கு,

ஆசாரி அப்படிச் சொன்னார் என்பதை நான்கு தடவை படித்தேன். அன்றைக்கு மூன்று நாளும் என்னை ஒரு பொருட்டாக மதிக்காதவர். ஆமாம், கண்ணை நினைத்துத்தான் விட்டேன். அவருக்கு என் சலாம் சொல்லுங்கள்.

மற்ற நான்கு பட்டறைக்கும் புதியதை அனுப்பிவிட்டேன். அம்மன் நல்லபடி அமையட்டும்.

ரிஜ்வான்


மயிலாடி
8.12.2023

அண்ணனுக்கு,

அம்மன் போயிட்டு.

நேத்து காலையில நடந்ததக் கோர்வையா எழுதுறேன், அழுதுக்கிட்டே எழுதுறதால எழுத்து பிசகும். பெரிய சிலைக்கு மெஷின் மூணு தடவை ஓடும். முதல்ல உருவம். ரெண்டாவது நுணுக்கம். மூணாவது மெல்லிசு ஊசி மாதிரி வெட்டு முனை, நாங்க பிட்டுண்ணு சொல்லுவோம், ரெண்டாவது ஓட்டத்துல வெட்டின குழிக்குள்ள இறங்கிச் சுத்தம் பண்ணும். பாவை விளக்குக்கு அந்த மூணாவது கிடையாது, அத ஆசாரி கையால செஞ்சிருவாரு.

ரெண்டாவது ஓட்டம் முடிஞ்சப்ப கண்ணு வெட்டாம இருந்ததக் கண்டேன். நீங்க நினைச்சுத்தான் விட்டதுண்ணு எழுதினியளே, அதனால நிப்பாட்டல்ல. மூணாவதுக்கு விட்டேன். ஊசி நேரா வலது கண்ணுக்கு இறங்கிச்சு. அங்க குழி இல்ல, வெறும் கல்லு. பிட்டு ஒடிஞ்சு பக்கவாட்டுல துள்ளி மூக்குல ஒரு சில்லு தெறிச்சிட்டு. நெல்லு மணி அளவு கூட இல்ல. ஆனா மூக்கு பின்னமான அம்மன எந்தக் கோயிலு ஏத்துக்கிடும்?

சுயம்புலிங்கம் ஆசாரி கல்லுக்கு முன்னால தரையில இருந்துட்டாரு. ஏழு மாசம் அலைஞ்ச கல்லு. என்னைய ஒரு வார்த்தை ஏசல்ல, ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். அண்ணாச்சி ஏசினாரு. வேற கல்லு ரெண்டு வாரத்துல வருதாம். "அது சரியா வரணும். வரல்லண்ணா தை பொறந்ததும் மெஷின விக்க ஆள் பாத்திருவேன், நீயும் வேற எடம் பாத்துக்கோ பிள்ள"ண்ணு சொல்லிட்டாரு. பொத்தான அமுக்கினது நான்தானே.

முத்துக்கனி


ஷார்ஜா
9.12.2023

முத்துக்கனிக்கு,

படித்ததும் கூடவே நீங்கள் அனுப்பியிருந்த அம்மன் ஃபைலை என் பக்கம் திறந்து பார்த்தேன். திரையில் கண் சரியாகத்தான் இருக்கிறது, குழியும் இருக்கிறது. புரோகிராமில் கோளாறு தெரியவில்லை. இரண்டாவது ஓட்டத்துக்குத் தப்பான பிட் மாட்டியிருக்கலாம், அல்லது அளவு வைக்கும்போது பிசகியிருக்கலாம். பிட் நம்பரைச் சரிபாருங்கள்.

ரிஜ்வான்


மயிலாடி
16.12.2023

திரு. ரிஜ்வான் அவர்களுக்கு,

பிட்டு நம்பர் சரி. அளவும் சரி. ஆறு வருசத்துல நான் பிட்டு மாத்தி மாட்டினதில்ல. "நினைச்சத எழுதாதிய"ண்ணு எனக்குப் பாடம் எடுத்துட்டு, நீங்க நினைச்சத எழுதியிருக்கிய.

நான் பாத்தத எழுதுறேன்.

ஒரு களிமண் பலகை எடுத்து ஸ்கேல் வச்சு நானே படி வெட்டினேன். நடுவுல மேனி. அதுல இருந்து மேல பத்துப் படி, கீழ பத்துப் படி. படிக்கு ஒரு மில்லி. வேற ஒண்ணும் இல்ல, கண்ணும் இல்ல மூக்கும் இல்ல, ஆரும் குத்தம் சொல்ல முடியாத படி. ஸ்கேன் எடுத்து அதே ஃபைல ரெண்டு கம்ப்யூட்டர்லயும் போட்டேன். பழையது இருபத்தி ரெண்டு நிமிசத்துல உறையும், இது பதினாலு நிமிசத்துல முடியுற மாதிரி சின்னதா வச்சுக்கிட்டேன்.

திரையில ரெண்டுலயும் இருபது படி தெரியுது. உங்களுக்கு அங்க திரை மட்டுந்தானே இருக்கு, அதனாலதான் உங்களுக்குச் சரியாத் தெரியுது. நான் மாக்கல்லு ரெண்டு துண்டு எடுத்து மெஷின்ல ரெண்டையும் வெட்டினேன். பழையது சொன்னபடி வெட்டினதுல இருபது படி. புதுசு சொன்னபடி வெட்டினதுல மேல பத்துப் படி இருக்கு. கீழ ஒரு படியும் இல்ல. மேனி வரைக்கும் வந்து அப்பிடியே தட்டையா நிக்குது. மூணு தடவை வெட்டினேன், மூணும் ஒண்ணுபோல. பிட்டு மாத்தி வெட்டினேன், அப்பவும் அதே. படம் எடுத்து அனுப்பியிருக்கேன்.

உங்க புதுப் புரோகிராமுக்கு மேனிக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. பூஜ்யத்துக்குக் கீழ எது போனாலும் அத அது பூஜ்யமாக்கிருது. கண்ணு, உதட்டுக் கோடு, சேலை மடிப்பு, எல்லாம் மேனிக்குக் கீழ உள்ளதுதான்.

இப்ப ஒரே ஒரு கேள்வி. பாவை விளக்குல கண்ண நீங்க நினைச்சுத்தான் விட்டியளா? ஆமா, இல்லைண்ணு ஒரு வார்த்தை போதும்.

முத்துக்கனி


ஷார்ஜா
18.12.2023

முத்துக்கனிக்கு,

இல்லை.

நான் கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை. உங்கள் நன்றி வந்தபோது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆசாரி என்னை மெச்சினார் என்றதும் எனக்குத் தலை நிற்கவில்லை, ஆமாம் என்று எழுதிவிட்டேன். அந்த நன்றியிலேயே கோளாறு முழுவதும் இருந்தது. கண் வரவில்லை, உதடு வரவில்லை, மடிப்பு வரவில்லை என்று நீங்கள் எழுதியே தந்திருக்கிறீர்கள். நான் படித்தது மெச்சலை மட்டும். அம்மன் போனது என்னால். ஒன்பதாம் தேதி பிட்டின் மேல் பழி போட்டதும் பயத்தில்தான்.

நடந்தது இது. மேனிக்குக் கீழே போகும் மைனஸ் எண்ணை வேறு வகை எண்ணாக மாற்றும் ஒரு வரி என் புரோகிராமில் உண்டு. மைனஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அங்கே எழுதவே இல்லை. பழைய சிப் அதைக் கடிகாரம் மாதிரிச் சுற்றிக்கொள்ளும், பன்னிரண்டிலிருந்து ஒரு மணி பின்னே போனால் பதினொன்று வருமே, அப்படி. பிறகு திரும்பச் சுற்றும்போது சரியான எண்ணே வந்துவிடும். ஒன்பது வருசம் ஓடியது என் திறமை இல்லை, அதன் பழக்கம். புதுச் சிப் மைனஸைக் கண்டால் பூஜ்யத்தில் நிறுத்திவிடும். இரண்டு சிப் மேலும் குற்றம் இல்லை. நான் சொல்லாமல் விட்டதை ஆளுக்கு ஒரு விதமாகச் செய்தது, அவ்வளவுதான். திரைக்கும் ஊசி ஓட்டத்துக்கும் வேறு வரி எழுதியிருந்தேன், அதனால் திரை கடைசி வரை சரியாகவே காட்டியது, ஊசியும் இல்லாத குழிக்குள் இறங்கப் போனது. நான் சோதித்த தாமரையில் எல்லா இதழும் மேனிக்கு மேலேதான்.

இருபது வருசமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்படி ஒரு சோதனையை யாரும் எனக்குச் செய்து தந்ததில்லை. ஒரு வரி புரோகிராம் தெரியாமல், களிமண்ணும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு, கோளாறு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டீர்கள். உங்கள் படத்தைப் பார்த்த பிறகு அந்த வரியைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெட்கமாக இருக்கிறது, அதைவிட அதிகமாக ஆச்சரியமாக இருக்கிறது.

திருத்தியதை இத்துடன் அனுப்புகிறேன். பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன், தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை என்று. அதை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ரிஜ்வான்


மயிலாடி
20.12.2023

ரிஜ்வான் அவர்களுக்கு,

ரெண்டு நாளு பதில் எழுதாம இருந்தேன். எழுதியிருந்தா நல்ல வார்த்தை வந்திருக்காது.

"நினைச்சுத்தான் விட்டேன்"ண்ணு அந்த ஒரு வரி நீங்க எழுதாம இருந்திருந்தா, அண்ணைக்கு ரெண்டாவது ஓட்டம் முடிஞ்சதும் நான் மெஷின நிப்பாட்டியிருப்பேன். அத நீங்க சாகுற வரைக்கும் ஓர்மையில வச்சுக்கணும். சவம், ஒரு மெச்சலுக்கு இப்பிடியா ஆசப்படுவிய?

அண்ணாச்சிக்கு எழுதின கடிதத்த நான் குடுக்கல்ல. நீங்க சொல்லி எனக்க வேலை நிலைக்கண்டாம். மாக்கல்லு ரெண்டையும் அவருக்க மேசையில வச்சேன். "கண்ண மூடிக்கிட்டு தடவிப் பாருங்க அண்ணாச்சி"ண்ணு சொன்னேன். பழையதத் தடவினாரு, இருபது எண்ணினாரு. புதுசத் தடவினாரு, பத்துல விரல் நின்னுட்டு. திரும்பவும் ஒருக்கா தடவிப் பாத்தாரு. பெறகு "அடுத்த கல்லு வெட்டும்போ நானும் கூட நிக்கேன்"ண்ணு மட்டும் சொன்னாரு. வேலை இருக்கா இல்லியாண்ணு இன்னும் சொல்லல்ல.

உங்க கடிதம் போக வேண்டிய எடம் வேற. நாலு பட்டறைக்கு இதே புரோகிராம அனுப்பியிருக்கிய. அங்கயும் நாலு ஆசாரிமாரு கண்ணு வராத சிலைய வச்சுக்கிட்டு முழிச்சிட்டிருப்பாங்க. அவங்களும் நம்மள மாதிரி ஒரு பெரிய கல்ல மூணாவது ஓட்டத்துக்கு விடுறதுக்கு முன்ன இண்ணைக்கே எழுதுங்க. சுத்தி வளைக்காம எழுதுங்க. எனக்கு ஒரு காப்பி வரணும். அது வந்த பெறகுதான் உங்கள அண்ணன்ணு எழுதலாமா வேண்டாமாண்ணு பாப்பேன்.

முத்துக்கனி


ஷார்ஜா
20.12.2023

முத்துக்கனிக்கு,

உங்கள் மெயில் வந்த ஒரு மணி நேரத்தில் நாலு பேருக்கும் போன கடிதம் கீழே. ஒரு வார்த்தை மாற்றாமல் உங்களுக்கும் அனுப்புகிறேன்.

"அன்புள்ள பட்டறைக்காரர்களுக்கு. அக்டோபரில் நான் அனுப்பிய புரோகிராமை இப்போதே நிறுத்திவிடுங்கள். மேனிக்குக் கீழே இறங்க வேண்டிய எதையும் அது வெட்டாது. ஊசி ஓட்டத்துக்கு விட்டால் கல் பின்னமாகும், மயிலாடியில் ஒரு அம்மன் அப்படிப் போய்விட்டது. தப்பு முழுவதும் என்னுடையது. இரண்டு மாதம் முன்பே எனக்கு இதற்கான அடையாளம் வந்தது, நான் பெருமையில் அதைக் கவனிக்கவில்லை, பொய்யும் சொன்னேன். இந்தக் கோளாறைக் கண்டுபிடித்தவர் மயிலாடி பொன்னுலிங்கம் சிற்பப் பட்டறையில் கம்ப்யூட்டர் பொறுப்பில் இருக்கும் முத்துக்கனி. அவர் செய்த படிச் சோதனையின் ஃபைலும் திருத்திய புரோகிராமும் இத்துடன் இருக்கின்றன. திருத்திய புரோகிராமையும் அந்தச் சோதனையில் இருபது படியும் வந்தபிறகே கல்லில் ஓட்டுங்கள். சந்தேகம் வந்தால் என்னைவிட அவரிடம் கேட்பது நல்லது. – ரிஜ்வான்."


மயிலாடி
23.1.2024

ரிஜ்வான் அண்ணனுக்கு,

அம்மன் நேத்து கோயிலுக்குப் போயிட்டு. லாரியில ஏத்துற வரைக்கும் என்ன ஆகுமோண்ணு எனக்கு வெப்ராளம்தான், கண்ணுல வெள்ளம் நின்னபடியே இருந்துது.

புதுக் கல்லு வந்ததும் முதல்ல படி வெட்டினேன். இருபதும் வந்துது. பெறகு உருவம், நுணுக்கம். உதட்டுக் கோடும் சேலை மடிப்பும் ஆறு வருசத்துல இவ்வளவு நேர்த்தியா நான் பாத்ததில்ல, அத உங்களுக்குச் சொல்லாம இருக்க முடியல்ல. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல மெஷின நிப்பாட்டி, ஆசாரியும் அண்ணாச்சியும் கையால தடவிப் பாத்த பெறகுதான் அடுத்ததுக்கு விட்டேன். ஆசாரிக்கு ஒரு வருத்தம். "இப்ப மெஷின் திரும்பவும் கண்ணு குத்துமே, அந்தப் பயலுக்க தப்பே நல்லா இருந்துது"ண்ணு முனங்கினாரு. நான் ஸ்கேன் ஃபைல்ல கண்ணு ரெண்டையும் மேனி மட்டத்துக்கு அழிச்சிட்டு, ஊசிப் பாதையிலயும் கண்ண நீக்கிட்டு ஓட்டினேன். கண்ண அவரே திறந்தாரு. நாங்க எல்லாரும் வெளிய நின்னோம். இது நாம நினைச்சுச் செஞ்சது, கேட்டியளா?

அண்ணாச்சி அதுவரைக்கும் எனக்க வேலையப் பத்தி ஒண்ணும் பேசல்ல. லாரி போன பெறகு குழித்துறையில இருந்து ரதீஷ்ணு ஒரு பட்டறைக்காரரு வந்தாரு. உங்க புரோகிராம் வச்சிருக்குற நாலுல ஒருத்தர். அவருக்குக் கண்ணில்லாம ரெண்டு சிலை வந்துதாம், மெஷின் தேஞ்சு போச்சுண்ணு விலை பேசிட்டு இருந்தாராம். உங்க கடிதத்த அச்சடிச்சுக் கையில வச்சிருந்தாரு. எனக்க பேருக்குக் கீழ நீலப் பேனாவால கோடு போட்டிருந்தாரு. "இந்த முத்துக்கனியப் பாக்கணும்"ண்ணு அண்ணாச்சிகிட்ட கேட்டாரு.

அண்ணாச்சி அந்தத் தாள வாங்கி மூக்குக் கண்ணாடி போட்டுப் படிச்சாரு. திரும்பவும் ஒரு தடவை படிச்சாரு. "ஏட்டி, நாளைக்கு இவருக்க பட்டறைக்கு நீதான் போயிப் பாத்துக் குடுக்கணும். மத்தநாளு காலம்பற வழக்கம்போல இங்க வந்திரு, ரெண்டு பெருமாள் இருக்கு வெட்ட"ண்ணு சொன்னாரு. இவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பெறகு தாள மடிச்சுக்கிட்டே, "இது ஆரு எழுதினது?"ண்ணு கேட்டாரு.

"தப்பு செஞ்சவரே எழுதினது அண்ணாச்சி"ண்ணு சொன்னேன்.

அவரு தாள ரதீஷ்கிட்டத் திரும்பக் குடுத்தாரு. "அப்ப நல்ல ஆளுதான்"ண்ணு சொன்னாரு. நானும் ஆமாண்ணுதான் சொன்னேன்.

முத்துக்கனி